சனிக்கிழமைச் சேவைக்கு அம்மாவும் வந்தார்

மழைக்கு ஒதுங்கப் போய்த்தான் நான் அந்தச் சேவைக் கழகத்தில் சேர்ந்தேன். இதை யாரிடம் சொன்னாலும் பகிடி விடுகிறேன் என்றே நினைக்கிறார்கள்.

பல்கலைக்கழகத்தில் எனக்கு அது முதல் வாரம். புல்வெளி முழுக்க மாணவர் கழகங்களின் மேசைகள். மலையேறுகிறவர்கள் ஒரு பக்கம், சதுரங்கம் ஆடுகிறவர்கள் ஒரு பக்கம், வைன் ருசி பார்க்கிறவர்களுக்குக்கூட ஒரு மேசை இருந்தது. ஆக்லாந்து மழை வழக்கம்போல வெயிலுக்குள்ளேயே வந்து கொட்டியது. என்னிடம் குடை இல்லை. ஒரேயொரு மேசைக்கு மேலேதான் ஒழுங்கான கூடாரம் கட்டியிருந்தார்கள். ஓடிப்போய் அதற்குள் நின்றேன்.

மேசைக்குப் பின்னால் உயரமான, சிவந்த கன்னங்களுடைய ஒரு பெண் நின்றாள். பால்பண்ணைக் குடும்பத்துப் பெண் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவள்தான் கழகத் தலைவி. ஆங்கிலத்தில் கேட்டாள்:

"மற்றவர்களுக்கு உதவி செய்ய உனக்கு விருப்பமா?"

அந்தக் கேள்விக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? அதுவும் அவளுடைய கூடாரத்துக்குள் நின்றுகொண்டு. ஓம் என்றேன். உடனே என் கையில் ஒரு பேனையைத் தந்தாள். மறு கையில் பாண் ரொட்டித் துண்டுக்குள் சுற்றிய சொசேஜ் ஒன்றைத் தந்தாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. நாங்கள் மச்சம் மாமிசம் சாப்பிடாத நாள். சொசேஜைப் பிடித்தபடியே பெயரை எழுதினேன். மழை விட்டதும் அதை எங்கே போடுவது என்று தெரியாமல் புவியியல் கட்டடம் வரைக்கும் கொண்டு திரிந்தேன்.

எதில் சேர்ந்தேன் என்பதே எனக்குப் பிறகுதான் விளங்கியது. தலைவி பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு வருடம் அமெரிக்காவில் தங்கிப் படித்தவள். அங்கே கல்லூரிகளில் சேவைக்கென்றே சகோதரக் கழகங்கள் இருக்குமாம். அந்த யோசனையை அப்படியே இங்கே கொண்டுவந்துவிட்டாள். சேர்கிறவர்கள் உறுதிமொழி எடுக்க வேண்டும். ஒருவரையொருவர் பிரதர், சிஸ்டர் என்றுதான் கூப்பிட வேண்டும். வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை, சேவை.

வீட்டில் சொல்லிப் பார்த்தேன். அப்போது நாங்கள் நியூ லின்னில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. அப்பா ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே பாண் தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமையும் போவார். தம்பி விடிந்ததும் கிரிக்கெட் மட்டையோடு இறங்கிவிடுவான். அம்மாவும் நானும்தான் வீட்டில். அம்மா கூட்டுவார், துடைப்பார், சமைப்பார். எல்லாம் முடிந்த பிறகு ஜன்னல் பக்கக் கதிரையில் இருந்து தெருவைப் பார்ப்பார். தெருவில் பார்க்க ஒன்றும் இராது. நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்ப்பேன். அந்த வீட்டை விட்டு ஒரு நாளாவது எங்கேயாவது போக வேண்டும் என்று இருந்தது. கழகத்தில் சேர்ந்ததற்கு அதுதான் உண்மையான காரணமோ என்று பல தடவை யோசித்திருக்கிறேன். ஆனால் மழை பெய்யாவிட்டால் அந்த மேசைப் பக்கமே போயிருக்க மாட்டேன் என்பதும் உண்மை.

"கிளப்" என்று சொல்லியிருந்தால் அப்பா விட்டிருக்க மாட்டார். நான் "சேவை" என்றேன்.

"சேவை எண்டா நல்லதுதானே," என்றார் அப்பா. பிறகு, "சகோதரம் எண்டு கூப்பிடவேணுமோ? ஏன், உனக்கு இருக்கிற தம்பி காணாதே?" என்று கேட்டார்.

உறுதிமொழி எடுக்கும் கூட்டம் ஒரு விரிவுரை மண்டபத்தில் நடந்தது. மெழுகுதிரி ஏற்றி ஒவ்வொருவர் கையாகக் கொடுப்பதுதான் முறையாம். ஆனால் புகை பட்டால் தீயணைப்பு மணி அடித்துவிடும் என்று காவலாளி தடுத்துவிட்டார். அதனால் டோர்ச் லைட் ஒன்றைக் கைமாற்றினோம். டோர்ச் யாரிடம் வருகிறதோ அவர் எழுந்து, தான் ஏன் சேர்ந்தார் என்று சொல்ல வேண்டும்.

ஒருத்தி தன் தாத்தாவைப் பராமரித்த தாதிகளைப் பற்றிச் சொல்லி அழுதாள். ஒருவன் இயேசு சொன்னார் என்றான். எனக்குப் பக்கத்தில் இருந்தவன் மலேசியாவிலிருந்து படிக்க வந்த தமிழ்ப் பையன். கழகத்து வேனை ஓட்டுவது அவன்தான். சமூகப் பொறுப்பு என்று அழகான ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவிட்டு உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் என் பக்கம் குனிந்து தமிழில் முணுமுணுத்தான்.

"சனிக்கிழமை ஹாஸ்டல் சாப்பாடு வாயில வைக்க முடியாது லா. இங்க மதியம் சாப்பாடு போடுவாங்க. அதான்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தேன். டோர்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. எனக்கு முன்னால் பேசிய யாரோ ஒருத்தி "திருப்பிக் கொடுக்க விரும்புகிறேன்" என்று சொல்லியிருந்தாள். நானும் அதையே சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். ரயிலில் வீட்டுக்குப் போகும்போது அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எதைத் திருப்பிக் கொடுப்பது? யாருக்கு? இந்த நாடு எங்களுக்கு விசா தந்தது, அதையா? ஒன்றும் பிடிபடவில்லை.

எங்கள் குழுவுக்குக் கிடைத்த சேவை பக்குரங்காவில் உள்ள ஒரு முதியோர் இல்லம். ஆளுக்கு ஒரு முதியவர். அவரோடு இருந்து பேச வேண்டும், தேநீர் எடுத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். தலைவி என்னை ஒரு வயதான பெண்மணியிடம் கூட்டிப் போனாள். வெள்ளை வெளேரென்ற தலைமுடி, நீலக் கண்கள், கதிரையின் கையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தார்.

"இவர் ஹொலண்டிலிருந்து வந்தவர். இப்போது ஆங்கிலம் மறந்துபோய்விட்டது. சொந்த மொழியில்தான் பேசுகிறார். நீயும் வேறு மொழிக்காரி இல்லையா, உங்கள் இரண்டு பேருக்கும் பொருந்தும் என்று நினைத்தேன்."

என்ன பொருத்தம் என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கு அது மிகவும் நல்ல யோசனையாகப் பட்டிருந்தது. முகம் அப்படி மலர்ந்திருந்தது. சரி என்றேன்.

அந்தப் பெண்மணி இளம் மனைவியாகக் கப்பலில் வந்து இறங்கியவராம். இங்கே வாழ்ந்த காலம் முழுக்க ஆங்கிலம்தான் பேசினாராம். மறதி நோய் வந்த பிறகு ஆங்கிலம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, அடியில் கிடந்த மொழி மட்டும் மிஞ்சியதாக ஒரு தாதி சொன்னார். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் அவருக்கு முன்னால் இருந்து மெதுவான ஆங்கிலத்தில் காலநிலை பற்றிச் சொல்வேன். அவர் தன் மொழியில் ஏதோ கேட்பார். நான் தலையாட்டுவேன். அது தவறான பதிலாக இருக்கும். அவர் கதிரைக் கையில் அடிப்பார். திரும்பவும் கேட்பார். நான் தண்ணீர் கொடுப்பேன், கம்பளியைப் போர்த்துவேன், தாதியைக் கூப்பிடுவேன். எதுவுமே அவர் கேட்டது அல்ல. வேனில் திரும்பி வரும்போது நான் செய்தது சேவையா, அந்த மனுசியை எரிச்சல்படுத்தியதா என்று தெரியாமல் இருப்பேன்.

"சிஸ்டர், ரொம்ப யோசிக்காதீங்க," என்பான் வேன் ஓட்டுகிறவன். "எனக்கு ஒதுக்கின தாத்தா தூங்கிட்டே இருக்கார். நான் பேப்பர் படிச்சிட்டு வந்துடுறேன்."

ஒரு சனிக்கிழமை இல்லத்துக்கு பிஸ்கட் வாங்க அவனும் நானும் பக்குரங்கா பிளாசாவுக்குப் போனோம். அங்கே எங்கள் வீட்டுக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம் எங்களைப் பார்த்துவிட்டது. நான் ரயிலேறி நியூ லின்னுக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னரே செய்தி தொலைபேசியில் போய்ச் சேர்ந்திருந்தது.

"ஆர் அந்தப் பொடியன்?" என்று வாசலிலேயே கேட்டார் அம்மா.

"கழகத்திலை இருக்கிறவர் அம்மா. அண்ணா மாதிரி."

"அண்ணாவோ, அண்ணா மாதிரியோ?"

"அங்கை எல்லாரும் எல்லாரையும் சகோதரம் எண்டுதான் கூப்பிடவேணும். அது விதி."

"நல்ல விதி. வாற சனிக்கிழமை நானும் வாறன்."

வந்தே விட்டார். சேலைக்கு மேல் கார்டிகன் போட்டு, செருப்புக்குள் சாக்ஸ் மாட்டி, கையில் கடலை வடை நிறைந்த டப்பாவோடு வந்தார். வேன் நின்ற இடத்தில் அந்தப் பையன் ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டான்.

"வாங்க ஆண்டி! சிஸ்டரோட அம்மாவா? உக்காருங்க, உக்காருங்க."

சிஸ்டர் என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவின் முகம் இளகியது. பக்குரங்கா பாலத்தைத் தாண்டுவதற்குள் அவன் டப்பாவில் பாதியைக் காலி பண்ணிவிட்டான். "பாவம், சாப்பாடில்லாத பிள்ளை," என்று அம்மா என் காதில் சொன்னார். அந்த இடத்திலேயே அவருடைய சந்தேகம் முழுக்கத் தீர்ந்துபோனது. எனக்கு ஏனோ அது கொஞ்சம் மனத்தாங்கலாக இருந்தது. அம்மா சந்தேகப்பட வேண்டும் என்றா விரும்பினேன்? அவனை நான் என்னவாக நினைத்தேன் என்று எனக்கே தெரியாமல் இருந்த காலம் அது.

இல்லத்து வாசலில் தலைவி அம்மாவைக் கட்டிப்பிடித்து "வெல்கம், சிஸ்டர்" என்றாள்.

"இவ ஏன் என்னைச் சகோதரி எண்டுறா?" என்றார் அம்மா.

"விதி," என்றேன்.

நாங்கள் போனபோது ஹொலண்ட் பெண்மணி ஏற்கனவே கோபத்தில் இருந்தார். கட்டில் பக்கம் கையை நீட்டி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் முந்திய வாரங்களிலும் கேட்ட சொல்தான். தலையணையை எடுத்துக் கொடுத்தேன். அடித்துத் தள்ளினார். கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். அதுவும் இல்லை. அம்மா எனக்குப் பின்னால் நின்றவர், என்னை விலத்திக்கொண்டு போய், கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மேசையின் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே ஒரு சீப்பும் ஒரு கடதாசிப் பை நிறையக் கறுப்பு இனிப்பும் இருந்தன. அந்தப் பெண்மணியின் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"எப்பிடித் தெரியும் அம்மா?"

"லாச்சி, லாச்சி எண்டு கத்துறா. உனக்குக் காது கேக்காதே?"

மேசை இழுப்பறையை யாழ்ப்பாணத்தில் நாங்கள் லாச்சி என்றுதான் சொல்வோம். அந்தச் சொல் என் வீட்டில் தினமும் புழங்குகிற சொல். அத்தனை சனிக்கிழமைகளும் அதே சொல் என் காதில் விழுந்திருந்தது. வெள்ளைக்காரப் பெண்ணின் வாயிலிருந்து வந்ததால் நான் அதை ஆங்கிலமாகக் கேட்டேன், இல்லாவிட்டால் ஆங்கிலம் இல்லாத வேறேதோ சத்தமாகக் கேட்டேன். தமிழாகக் கேட்கவே இல்லை.

அவர் அம்மாவிடம் ஒரு கறுப்பு இனிப்பை நீட்டினார். அம்மா வாயில் போட்டார். முகம் கோணியது. இனிப்பு என்று பார்த்தால் உப்பாம். துப்ப வெட்கப்பட்டு ஒரு கன்னக் கொடுப்புக்குள் அடக்கி வைத்துக்கொண்டு, அவருடைய தலையைச் சீப்பால் வாரிவிடத் தொடங்கினார். வாரிக்கொண்டே தமிழில் கதைத்தார். அந்தப் பெண்மணி தன் மொழியில் கதைத்தார். இரண்டு பேரும் மாறி மாறித் தலையாட்டினார்கள். நான் வேலையில்லாமல் நின்றேன்.

ரயிலில் அம்மா உறுதியாகச் சொன்னார்:

"அந்த மனுசிக்குத் தமிழ் தெரியும்."

"அம்மா, அவ ஹொலண்ட்காரி."

"அது எனக்குத் தெரியாது. லாச்சி எண்டவ. கந்தோர் எண்டவ. மத்தியானம் தட்டிலை கிடந்ததைப் பாத்துப் போஞ்சி எண்டவ. தமிழ் தெரியாமல் எப்பிடி?"

கந்தோர் என்றால் எங்களுக்கு அலுவலகம், போஞ்சி என்றால் பீன்ஸ். அப்பாவிடம்தான் விளக்கம் கிடைத்தது. வேலையால் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

"உலாந்தாக்காரர், அதுதான் இந்த ஹொலண்ட்காரர், ஒரு காலத்திலை யாழ்ப்பாணத்தை ஆண்டவை. கந்தோர், லாச்சி, போஞ்சி எல்லாம் அவையின்ரை சொல்லுத்தான். அவை போட்டினம், சொல்லு நிண்டிட்டுது."

"அப்ப நாங்கள்தான் அவவின்ரை பாஷை கதைக்கிறம் எண்டுறியளோ?" என்று கேட்டார் அம்மா. அந்தக் கோணம் அவருக்குப் பிடிக்கவில்லை. கடைசிவரைக்கும் அந்த மனுசிக்குத் தமிழ் தெரியும் என்றே சொல்லிவந்தார்.

அதற்குப் பிறகு அம்மா ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. வெள்ளி இரவே வடைக்குக் கடலைப்பருப்பு ஊறப் போட்டுவிடுவார். நான் வீட்டை விட்டும் அந்த ஜன்னல் கதிரையை விட்டும் தப்பத்தான் கழகத்துக்குப் போனேன். இப்போது வீடே எழும்பி என்னோடு வேனில் வந்துவிட்டது. இல்லத்தில் எனக்குச் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. கோப்பைகளைக் கழுவினேன். அம்மா சந்தோஷமாக இருக்கிறார் என்று எனக்கும் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்துக்குள்ளே எங்கேயோ பொறாமையும் இருந்தது. யார் மேல் பொறாமை என்றுதான் பிடிபடவில்லை. அம்மா மேலா, அம்மா வீட்டில் என்னோடு ஒருநாளும் கதைக்காத அளவுக்கு யாரோடு கதைத்தாரோ அந்தக் கிழவி மேலா?

ஒரு நாள் அந்தப் பெண்மணியின் மகன் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். வீடு கட்டுகிற வேலை. முழங்காலில் பெயின்ட் காய்ந்திருந்தது. பெரிய கைகளில் ஒரு பை மண்டரின் தோடம்பழத்தைப் பிடித்துக்கொண்டு, தன் தாயும் என் தாயும் கதைப்பதை வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"உன் அம்மாவுக்கு டச்சு தெரியுமா?"

"தெரியாது."

"அப்படியானால் என்ன நடக்கிறது?"

"எனக்கும் தெரியாது," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது வீட்டில் ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்று அம்மாதான் சட்டம் போட்டார். எங்களுக்கு டச்சில் ஒரு வார்த்தையும் சொல்லித் தரவில்லை. இப்போது அதைத் தவிர வேறொன்றும் பேசமாட்டேன் என்கிறார்." கொஞ்சம் தயங்கினார். "என் அம்மா என்ன சொல்கிறார் என்று உன் அம்மாவிடம் கேட்டுச் சொல்வாயா?"

எப்படி மறுப்பது? அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கு அந்தக் கேள்வியில் எந்தச் சிக்கலும் தெரியவில்லை.

"மனுசன் இன்னும் கந்தோராலை வரேல்லையாம். சாப்பாடு ஆறிப்போகுதாம்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். கந்தோர் என்ற சொல்லை அப்படியே வைத்தேன். அவர் முகம் மாறியது.

"அந்தச் சொல் எனக்குத் தெரியும். அப்பா துறைமுகத்து அலுவலகத்தில் வேலை செய்தவர். காலையில் அம்மா அந்தச் சொல்லைச் சொல்லித்தான் அவரை எழுப்புவார்." கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "இங்கே என் அம்மா சந்தோஷமாக இருக்கிறாரா என்று கேள்."

அம்மா அந்தப் பெண்மணியின் கையைப் பிடித்துத் தமிழில் கேட்டார். அவர் வெளியே கார் நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி நீளமாகப் பேசினார். குரல் தாழ்ந்து தாழ்ந்து போனது. முடிந்ததும் அம்மா கம்பளியை அவர் மடியில் இழுத்துவிட்டார். பிறகு என்னைப் பாராமலே சொன்னார்:

"இவ்வளவு தூரம் வந்திருக்கத் தேவையில்லையாம். பிள்ளையளுக்காகத்தான் வந்ததாம். பிள்ளையள் நல்லாத்தான் இருக்கினமாம். ஆனா தான் இனி ஆரோடை கதைக்கிறது எண்டு கேக்கிறா."

அந்த வசனத்தில் லாச்சியும் இல்லை, கந்தோரும் இல்லை. அம்மா எதைக் கேட்டுச் சொன்னார்? மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் எல்லாரும் நன்றாக இருப்பதில் அவருக்குச் சந்தோஷமாம்," என்றேன்.

"அவ்வளவுதானா? நிறையப் பேசினாரே."

"எங்கள் பாஷை கொஞ்சம் நீளம்."

அவர் தலையாட்டினார். ஒரு தோடம்பழத்தை உரித்துத் தாயின் கையில் சுளை சுளையாக வைத்தார். எங்களுக்கும் தந்தார்.

ரயிலில் வரும்போது அம்மாவிடம் கேட்டேன்: "அவ உண்மையா அப்பிடிச் சொன்னவவோ?"

"பின்னை ஆர் சொன்னது?" என்றார் அம்மா. ஏவன்டேல் நிலையம் தாண்டியதும் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். நித்திரையில்லை என்பது மட்டும் தெரிந்தது.

அந்த வருட முடிவில் ஒரு சிக்கல் வந்தது. கழகம் மாணவர்களுக்கானது, அம்மா மாணவி இல்லை என்று யாரோ கேள்வி எழுப்பினார்கள். தலைவி வாக்கெடுப்பு வைத்தாள். எல்லாரும் வடை சாப்பிட்டவர்கள். ஒரு கைகூட எதிராக உயரவில்லை. அம்மாவைக் கௌரவ சிஸ்டர் ஆக்குவதென்று தீர்மானித்து, அதே விரிவுரை மண்டபத்தில் அவர் கையிலும் டோர்ச்சைக் கொடுத்தார்கள். ஏன் சேர்ந்தீர்கள் என்று கேட்டார்கள். நான் மொழிபெயர்க்க எழும்பினேன். அம்மா என்னைக் கையால் இருக்கச் சொல்லிவிட்டுத் தன் ஆங்கிலத்திலேயே சொன்னார்.

"ஃபர்ஸ்ட், டாட்டர் செக்கிங். ஆஃப்டர், டாக்கிங்."

மண்டபமே சிரித்துக் கைதட்டியது. நானும் சிரித்தேன். எனக்கு ஒரு வருடமாகச் சொல்லத் தெரியாமல் இருந்த விஷயத்தை அம்மா ஐந்து சொல்லில் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

வேன் ஓட்டிய பையன் படிப்பு முடிந்து மலேசியாவுக்குத் திரும்பினான். "போயிட்டு வர்றேன் சிஸ்டர்," என்றான். அம்மா அவனுக்கு வடை கட்டிக் கொடுத்தார். நான் கடைசிவரைக்கும் அவனைப் பிரதர் என்று கூப்பிடவில்லை. வேறெதுவும் சொல்லவும் இல்லை.

அடுத்த வருடம் எனக்குச் சனிக்கிழமைகளில் ஆய்வுகூட வகுப்பு வந்தது. கழகத்தை விட்டேன். விட்டபோது கவலையா, விடுதலையா என்று கேட்டால் இரண்டும் என்றுதான் சொல்வேன். அம்மா விடவில்லை. புதிதாக வேன் ஓட்ட வந்த பிள்ளைக்கு நேரம் ஒத்துவராத நாட்களில் பஸ் மாறிப் பஸ் ஏறிப் போனார். எங்கே இறங்குவது என்று ஓட்டுநர்களிடம் கேட்கப் பழகியிருந்தார். அந்தக் குளிர்காலத்தில் ஹொலண்ட் பெண்மணி இறந்துபோனார். மகன் தொலைபேசியில் என்னிடம் சொன்னார். நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார், நிறுத்தவில்லை. செத்தவீட்டுக்கு அவர்தான் போனார். எனக்குப் பரீட்சை. தேவாலயத்தில் தன்னை முன்வரிசையில் குடும்பத்தோடு இருத்தினார்கள் என்று வந்து சொன்னார். அங்கே என்ன பேசினார்கள் என்று கேட்டேன். எல்லாம் இங்கிலீஷ், ஒன்றும் விளங்கவில்லை என்றார்.

இனிப் போகமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமையும் வடை பொரித்தார்.

சில மாதங்களுக்குப் பிறகு இல்லத்தின் மேலாளர் கூப்பிட்டார். துணி தோய்க்கிற பகுதியில் ஆள் தேவை, காலைத் தேநீரும் கொடுக்க வேண்டும், உன் அம்மா வருவாரா என்று கேட்டார். நான் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னேன். அப்பாவின் முகம் இறுகியது.

"கச்சேரியிலை இருந்தவன்ரை பெண்சாதி அங்கை போய் உடுப்புத் தோய்க்கிறதோ?"

"நீங்கள் பாண் சுடுற போறணைக்கு முன்னாலை நிக்கேல்லையே?" என்றார் அம்மா. "பிள்ளை, ஓம் எண்டு சொல்லு."

முதல் நாள் காலை நான்தான் கூட்டிப் போனேன். எங்களிடம் அப்போது ஒரு பழைய கார் இருந்தது. சேலை இல்லை. கறுப்புக் காற்சட்டை, முதல் தடவையாக. கார் நிறுத்துமிடத்தில் நானும் இறங்கக் கதவைத் திறந்தேன்.

"நீ எங்கை வாறாய்?"

"அவை சொல்லுறது உங்களுக்கு விளங்காட்டி..."

"எனக்கு விளங்கும். நீ போ பிள்ளை."

உள்ளே போனார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஒரு வயதான மனிதர் சக்கர நாற்காலியில் இருந்தார். அம்மா அவருக்கு முன்னால் குனிந்து கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். அவர் வாய்விட்டுச் சிரித்தார். என்ன சொன்னார், எந்த மொழியில் சொன்னார், ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் காரை எடுத்தேன்.

அழுதேனா என்று நினைவில்லை. எங்கேயோ யோசித்தபடி ஓட்டியதில் நகரத்துக்குத் திரும்ப வேண்டிய இடத்தை விட்டுவிட்டேன். பாட்டனி டவுன்ஸ் பக்கம் போய்விட்டேன். அப்போது அங்கே பாதி வெட்டவெளி, பாதி புது வீடுகள். தெருக்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் இங்கே டெயரி என்று சொல்கிற ஒரு சின்ன மூலைக்கடைக்கு முன்னால் காரை நிறுத்தினேன். ஒரு பால் போத்தல் வாங்கிக்கொண்டு, நகரத்துக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டேன். கல்லாவில் நின்ற பெண் வெளியே வந்து, கையை நீட்டி நிதானமாக வழி சொன்னாள். தலையாட்டினேன். காரில் ஏறிய பிறகுதான் அவள் சொன்னதில் பாதியை நான் கேட்கவே இல்லை என்று தெரிந்தது. இறங்கிப் போய்த் திரும்பவும் கேட்டேன்.